ஞாயிற்றுக்கிழமை ஆள் வரும்

தனிமையை ஒழிக்கும் வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டவர்கள் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம், தனியாக இருப்பவர்களிடமிருந்து தப்பிப்பது எப்படி என்பது.

அறக்கட்டளையின் பெயர் 'அருகில்'. பேச்சுத்துணை இல்லாமல் வீட்டில் அடைந்து கிடப்பவர்களைத் தேடி வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆள் அனுப்புவது அதன் நோக்கம். அலுவலகம் மவுண்ட் வெல்லிங்டனில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. ஆள் அனுப்பும் பிரிவில் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் பிரசவ விடுப்பில் இருந்தார். ஆள் அனுப்புவதற்கான நன்கொடை திரட்டும் பிரிவில் அறுபத்து நான்கு பேர். அறுபத்து நான்காவது ஆள் நான்.

என் பெயர் தேவன். கிள்ளானில் ஒரு சரக்கு நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். முப்பது வயதுக்குள் உலகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று, வேலையும் செய்யலாம் ஊரும் சுற்றலாம் என்கிற ஆறு மாத விசாவில் நியூசிலாந்துக்கு வந்தேன். முதல் மூன்று மாதம் கிவிப்பழம் பறித்தேன். உலகம் ஒரு கொடிப்பந்தலுக்கு அடியில் ஐந்தரை அடி உயரத்தில் இருந்தது. நான் அதைவிட நான்கு அங்குலம் அதிகம். கழுத்து பிடித்துக்கொண்ட பிறகு ஆக்லாந்துக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்தேன். அம்மாவிடம் போனில், "சமூக சேவை நிறுவனம்மா," என்றேன். அம்மா அதை வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அர்ச்சகர் உட்பட.

தினமும் காலை ஒன்பது மணிக்கு வட்டமாக நின்று கை தட்ட வேண்டும். "இந்த நகரத்தில் எத்தனை பேர் தனியாக இருக்கிறார்கள்?" என்று குழுத்தலைவர் கத்துவார். "மிக அதிகம்" என்று நாங்கள் உற்சாகமாகக் கத்த வேண்டும். உற்சாகம் போதாவிட்டால் மறுபடியும் கத்த வேண்டும். குழுத்தலைவர் பெயர் ராகேஷ். பிஜியில் பிறந்தவர், நல்ல மனிதர், முன்பு வீடு வீடாக வேக்குவம் கிளீனர் விற்றவர்.

அவருடைய பாடம் சுருக்கமானது. தெருவில் ஒருவரை நிறுத்தினால் நான்கு நிமிடம்தான் பேசலாம். அதற்குள் அவர் மூன்று முறை 'ஆமாம்' சொல்ல வேண்டும். மூன்றாவது ஆமாம் விழுந்ததும் டேப்லெட்டை நீட்ட வேண்டும். அதன்பிறகு கையெழுத்து விழும்வரை 'இல்லை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரக்கூடாது. நம் வாயிலிருந்து வரவே கூடாது.

"சில பேர் கையெழுத்தும் போடமாட்டாங்க, போகவும் மாட்டாங்க," என்றார் ராகேஷ் ஆங்கிலத்தில். "பூனை செத்ததைச் சொல்வாங்க. முழங்கால் ஆபரேஷனைச் சொல்வாங்க. அவங்களை நாங்க கசிவுன்னு சொல்வோம். கைக்கடிகாரத்தைப் பாரு, ரெண்டு அடி பின்னால போ, நல்ல நாளா அமையட்டும்னு சொல்லு, திரும்பிடு."

"அவங்க தனியா இருக்கிறவங்களா இருந்தா?"

"தனியாத்தான் இருப்பாங்க. இல்லாட்டி உன்கிட்ட எதுக்குப் பேசுறாங்க?"

எனக்குக் கொடுத்த இடம் பாபகூரா. ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு வருகிற வழியில் மஞ்சள் ஜாக்கெட்டோடு நிற்பேன். தமிழர்கள் என்னைத் தூரத்தில் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் அவசரத்தில் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் காதில் வைத்து, "சொல்லு, கேக்குது," என்றபடி கடந்து போனார். நான் வணக்கம் சொன்னதற்காக நின்ற ஒரே மனிதர் மகேசன்.

அறுபத்து மூன்று வயது இருக்கும். கையில் பால் போத்தல். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.

"தம்பி தமிழோ?"

"ஆமா அங்கிள், மலேசியா. பசியாறிட்டீங்களா?"

காலையில் யாரைப் பார்த்தாலும் எங்கள் ஊரில் இதைக் கேட்போம், பதிலுக்கு நிற்கமாட்டோம். அவர் நின்று பதில் சொன்னார். இரண்டு துண்டுப் பாண் ரொட்டி, கொஞ்சம் மாஜரின், பால் முடிந்துவிட்டதால் வெறுந்தேத்தண்ணி, அதனால்தான் பால் வாங்க வந்தது. இரண்டு நிமிடம் போய்விட்டது. நான் பாடத்தை ஆரம்பித்தேன்.

"வீட்ல பேச ஆளில்லாம இருக்கிறது கஷ்டம்தானே, அங்கிள்?"

"ஓம்."

"ஞாயித்துக்கிழமையில யாராவது வந்து கதவைத் தட்டி, உக்காந்து, ஒரு மணி நேரம் பேசிட்டுப் போனா நல்லா இருக்கும், இல்லையா?"

"ஓம், ஓம்."

"மாசம் முப்பது டாலர்ல அது நடக்கும்னா செய்யலாம்தானே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓம்."

இவ்வளவு சுத்தமான மூன்று ஆமாம்களை ராகேஷ் தன் வேக்குவம் கிளீனர் காலத்திலும் கேட்டிருக்கமாட்டார்.

வங்கி எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே மகேசன் பேசினார். "எங்கடை வீட்டிலை அவதான் கதைக்கிறது. நான் ஓம் சொல்லுறது. முப்பத்திநாலு வருசம். அவ போய் இப்ப ரெண்டு வருசமாகுது. மகன் அவுஸ்திரேலியாவிலை, பேர்த்திலை. ஈஸ்ட் டாமாக்கியிலை பெட்டி ஒட்டுற இடத்திலை வேலை, கிழமைக்கு மூண்டு நாள். மெசின் சத்தத்திலை அங்கை ஒருத்தரும் கதைக்கேலாது." கையெழுத்துக்கு விரலை வைக்கும்முன் நிமிர்ந்தார். "அப்ப, ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டிலை நிண்டாச் சரிதானே? ஆள் எத்தினை மணிக்கு வரும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மின்சாரம், போன், இணையம் என்று இந்த நாட்டில் கணக்கிலிருந்து மாதாமாதம் கழிகிற எதற்கும் பதிலாக ஏதாவது ஒன்று வீட்டுக்கு வரும். இதற்கும் ஒரு ஆள் வரும் என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறு யாருக்கோ ஆள் அனுப்பக் காசு கட்டுங்கள் என்று ஒருத்தன் தெருவில் நின்று தமிழில் கேட்பான் என அவர் எப்படி நினைப்பார்?

இல்லை அங்கிள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று எனக்குக் கையெழுத்தே விழாத நான்காவது நாள். அன்றும் விழாவிட்டால் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள்.

"காலையிலேயே வந்துருவாங்க, அங்கிள்," என்றேன்.

விரல் கோடு போட்டது. கையெழுத்து விழுந்தால் ராகேஷ் தெருவிலேயே ஒரு பித்தளை மணியை அடிப்பார். அடித்தார். மகேசன் அந்த மணிக்கும் தலையைச் சாய்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் வந்தார்.

"தம்பி, ஆள் வரேல்லை." குரலில் கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எட்டு மணியிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தனான். புட்டு அவிச்சனான். கொஞ்சம் கல்லுமாதிரிப் போச்சு. வாறது வெள்ளைக்காரர் எண்டால் புட்டே இப்பிடித்தான் எண்டு நினைப்பினம் எண்டு விட்டிட்டன். பிறகுதான் யோசிச்சன், எங்கடை யூனிட் நம்பர் ரோசாச் செடிக்குப் பின்னாலை மறைஞ்சு கிடக்கு. வந்து தேடிப்போட்டுத் திரும்பிப் போயிருப்பினம், பாவம். செடியை வெட்டிப்போட்டன். அவ வைச்சது. பறவாயில்லை, திரும்பி வளரும்தானே."

நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பின்னால் இரண்டு அடி வைக்கவும் இல்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

விசாரிக்க வேண்டிய இடம் ஆதரவாளர் உறவு மேலாளர் அபர்ணா. சென்னைக்காரர். என்னைத் தமிழில் திட்டுவதற்கு அங்கே அவர் ஒருவர்தான்.

"என்ன தேவன், நாலு வருஷமா இருக்கிற சாரிட்டி, இதுவரைக்கும் யாரும் வந்து ஆள் எங்கேன்னு கேட்டதில்லை," என்றார். "அவர் டோனர். டோனருக்கு விசிட்டர் அனுப்பினா அது காசு வாங்கிட்டுத் துணை விக்கிற மாதிரி ஆயிடும். வரிக்காரங்க விடமாட்டாங்க. நம்ம கொடுக்கிறது அன்பு. அன்பை, காசு கொடுக்கிறவங்களுக்குக் கொடுக்க முடியாது."

"அப்ப கேன்சல் பண்ணிட்டு விசிட்டர் கேக்கலாமா, மிஸ்?"

"தாராளமா. தனிமை மதிப்பீட்டுப் படிவம் இருக்கு, இருபத்திரெண்டு பக்கம். வெயிட்டிங் லிஸ்ட் பதினாலு மாசம். அவர் தனியா இருக்கார்னு ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். அவரை அடிக்கடி வீட்ல வந்து பார்க்கிறவங்களா இருக்கணும்."

"அடிக்கடி வந்து பார்க்க ரெண்டு பேர் இருந்தா அவர் ஏன் மிஸ் தனியா இருக்கார்?"

அபர்ணா பேனாவை மேசையில் வைத்தார். "கரெக்டான பாயிண்ட். அதனாலதான் நிறைய அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆகுது."

மகேசனிடம் பாதியைச் சொன்னேன். முதலில் போன் செய்து சந்தாவை நிறுத்த வேண்டும், பிறகுதான் ஆள் கேட்டு எழுதலாம் என்றேன். பதினாலு மாதத்தைச் சொல்லவில்லை. என் பொய்யையும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் நான்கு நிமிடத்துக்குள் அடங்குவதுதான்.

அடுத்த வாரம் அவர் வந்தபோது முகம் சவரம் செய்து பளபளவென்று இருந்தது.

"போன் எடுத்தனான் தம்பி. ஒரு பிள்ளை கதைச்சது, சிவானி எண்டு பேர். இஞ்சை பிறந்த எங்கடை பிள்ளை. 'ஹவ் ஆர் யூ அங்கிள்' எண்டு கேட்டுது. பைன் எண்டு சொன்னன். 'நோ அங்கிள், ரியலி, ஹவ் ஆர் யூ' எண்டு திருப்பிக் கேட்டுது. இருபத்தொரு நிமிசம் கதைச்சனாங்கள். புட்டு ஏன் கல்லாப்போகுது எண்டு தாயைக் கேட்டுச் சொல்லுது."

"கேன்சல் பண்ணிட்டீங்களா?"

"அந்தப் பிள்ளையிட்டை எப்பிடித் தம்பி அதைச் சொல்லுறது? தொடருறன் எண்டு சொல்லிப்போட்டன்."

விலக நினைக்கிற ஆதரவாளர்களின் அழைப்பு தக்கவைக்கும் பிரிவுக்குப் போகும். அங்கே நேரக் கட்டுப்பாடு கிடையாது. வருகிற ஆளுக்கு நான்கு நிமிடம். போகிற ஆளுக்கு எவ்வளவு நேரமும் பேசலாம். 'உண்மையாகவே எப்படி இருக்கிறீர்கள்' என்பது அவர்களுடைய பாடத்தில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் புட்டைப் பற்றித் தாயிடம் கேட்டது பாடத்தில் இல்லை. அது அந்தப் பிள்ளையின் சொந்தச் சரக்கு.

அன்று தொடங்கி ஒவ்வொரு வியாழனும் மகேசன் குளித்து, தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு, சந்தாவை நிறுத்தப் போன் செய்தார். ஒவ்வொரு வியாழனும் சிவானி பேசி அவரைத் தக்கவைத்தாள். ஆள் கேட்டு விண்ணப்பிப்பது பற்றி அவர் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை. 'அருகில்' ஒரு மனிதரின் தனிமையை மெய்யாகவே குறைத்துக்கொண்டிருந்தது. அது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாததால் நன்றாகவே நடந்தது.

ஒன்பதாவது வாரம் தெரிந்துவிட்டது. ஒன்பது முறை விலகப் போய் ஒன்பது முறையும் தங்கிய ஆதரவாளர் என்று கணினி அவர் பெயரை மேலே தூக்கிக் காட்டியது. ஆண்டு 'நன்றி மாலை'க்கு அவரை அழைத்தார்கள். தங்க உறுப்பினர் விருது. நான் அவரோடு ரயிலில் போனேன். தோள்பட்டை தொங்கும் ஒரு கோட்டுப் போட்டிருந்தார். கல்யாணத்துக்குத் தைத்ததா என்று கேட்டேன். இல்லை, அவ போன அண்டைக்கு வாங்கினது என்றார்.

இயக்குநர் கிரேயம் பேசினார். உயரமான, அன்பான வெள்ளைக்காரர். பேசும்போது ஒரு கை எப்போதும் நெஞ்சின்மேல் இருக்கும்.

"நண்பர்களே, தனிமை இந்த ஆண்டு பன்னிரண்டு விழுக்காடு வளர்ந்திருக்கிறது. நாமும் தளராமல் அதே அளவு வளர்ந்திருக்கிறோம். நாங்கள் எத்தனை பேரைப் போய்ப் பார்த்தோம் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள். அது சின்னக் கேள்வி. எத்தனை பேர் எங்களைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு ரயில் நிலையத்திலும், ஒவ்வொரு பேருந்திலும், நம் மஞ்சள் நிறம். ஒருநாள் தனிமையே இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று என் மனைவி கேட்டாள். கவலைப்படாதே, அப்படி எந்த அறிகுறியும் இல்லை என்றேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். மகேசனும் தட்டினார். பிறகு அவரை மேடைக்கு அழைத்து, எது உங்களை எங்களோடு வைத்திருக்கிறது என்று கிரேயம் மைக்கை நீட்டினார்.

மகேசன் மைக்கை வாங்கிக்கொண்டார். "சிவானி," என்றார் ஆங்கிலத்தில். "சிவானி போனில் பேசும். வியாழக்கிழமை. அதற்காகத்தான் நான் கேன்சல் பண்ணுகிறேன்."

மண்டபம் சிரித்தது. நகைச்சுவை உணர்வுள்ள ஆதரவாளர் என்று நினைத்தார்கள். அபர்ணா மட்டும் சிரிக்கவில்லை. போனில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்ததும் அவரே பொன்னிற அட்டையைக் கொடுத்து விளக்கினார்.

"அங்கிள், இது பெரிய ப்ரிவிலெஜ். கோல்ட் மெம்பரை யாரும் போன் பண்ணித் தொந்தரவு பண்ணமாட்டாங்க. நீங்க பண்ணினாலும் காத்திருக்க வேண்டாம். மெஷின் உடனே எடுத்துடும்."

"அப்ப சிவானிப் பிள்ளை?"

"அவங்க சில்வர் வரைக்கும்தான், அங்கிள்."

திரும்பி வரும்போது ரயிலில் அவர் அந்த அட்டையின் இரண்டு பக்கத்தையும் பலமுறை பார்த்தார். அடுத்த வியாழன் மாலை பாபகூராவில் என் முன்னால் வந்து நின்றார்.

"மெசின் எடுத்தது தம்பி. நிப்பாட்டுறதெண்டால் ஒண்டை அமத்துங்கோ எண்டுது. முந்தியும் அப்பிடித்தான் சொல்லுறது, அமத்தினாப் பிள்ளை வரும். அமத்தினன். 'நன்றி, நிறுத்தப்பட்டது' எண்டுது. ஒரு நிமிசங்கூட ஆகேல்லை."

எனக்கு விசா முடிய ஆறு நாள்தான் இருந்தது, புதன்கிழமை விமானம். அன்றே ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மகேசன் வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று ராகேஷிடம் சொன்னேன். அவருக்கு மெய்யாகவே பயம் வந்துவிட்டது.

"பயிற்சி இல்லாம எப்படிப் போவே? ஒருத்தர் வீட்ல உக்காந்து பேசுறதுக்கு ஆறு வாரப் பயிற்சி இருக்கு. அவர் அழுதுட்டா என்ன பண்ணுவே?"

தெரியாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனேன். ஐந்து யூனிட் வீடுகள் வரிசையாக இருந்தன, நான்காவது அவருடையது. எண் பளிச்சென்று தெரிந்தது. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு, "அவையள் அனுப்பினவையோ?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்வது மிகச் சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவர் கட்டிய காசுக்கு ஆள் வந்ததாக இருந்திருக்கும்.

"யாரும் அனுப்பலை, அங்கிள். அனுப்பவும் மாட்டாங்க. அந்தக் காசு கட்டினா ஆள் வராது. அன்னைக்கு நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வரும்னு சொன்னேன்."

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். உள்ளே மேசையில் இரண்டு கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்தது தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அப்படி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

"அப்ப அந்த ரோசாவை வெட்டியிருக்கத் தேவையில்லை," என்றார். பிறகு, "வாரும், இரும்," என்றார்.

ஒரு மணி நேரம் இருந்தேன். பேசியது நான்தான். கிள்ளான், கிவிப்பழம், கழுத்துப் பிடிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஓம் சொன்னார். கிளம்பும்போது, "அடுத்த கிழமை வருவீரோ?" என்றார். புதன்கிழமை விமானம் என்றேன். அதற்கும் ஓம் சொன்னார்.

வெளியே வந்தவனுக்கு நடையைக் கட்ட முடியவில்லை. கற்ற வேலை ஒன்றுதான். பக்கத்து யூனிட் கதவைத் தட்டினேன். சர்ச்சுக்குப் போக வெள்ளை உடையில் தயாராக இருந்த ஒரு டோங்காத் தீவு அம்மா திறந்தார். பெயர் சலோட்டே. எதுவும் வாங்குவதாக இல்லை என்றார். வாங்க வேண்டாம், நான்கு நிமிடம் போதும் என்றேன்.

"மகேஸா?" என்றார். "மனைவி இறந்தபோது கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். தனியாக இருப்பதுதான் அவருக்குப் பிடிக்கும் போல என்று நினைத்தேன். ஞாயிறு முழுக்க எங்களுக்குச் சர்ச். திங்கட்கிழமை வரட்டுமா?"

திரும்பி வந்து மகேசனிடம் சொன்னேன்.

"எந்த மனிசி? பாட்டுப் படிக்கிற வீடோ?" அவர் பதறிப்போனார். "அங்கை எந்த நேரமும் ஆக்கள் நிறைஞ்ச வீடு. என்ரை இங்கிலீசும் பேக்டரி இங்கிலீசு. திங்கள் எனக்கு வேலை. வெள்ளிக்கிழமை ஏலுமோ எண்டு கேளும்."

வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சி. செவ்வாய், புதன் மகேசனுக்கு வேலை. சனிக்கிழமை அந்த அம்மா வீட்டில் பேரப்பிள்ளைகள். ஒன்பது அடி இடைவெளியில் இருந்த இரண்டு கதவுகளுக்கு நடுவே கிழமைகளைச் சுமந்துகொண்டு நான் நடந்தேன். நேரில் பேசிக்கொள்ளுங்கள் என்று இரண்டு பேரிடமும் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. 'அருகில்' கொடுத்த பயிற்சி அப்படி.

"வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு ஒரு போன் இருந்தது," என்றார் மகேசன். "இப்ப இல்லைத்தானே. ஆறு மணிக்கு வரச்சொல்லும்."

சலோட்டே சரியென்றார். கேக் கொண்டுவருவதாகவும் சொன்னார். அதற்குள் வேன் வந்து ஹாரன் அடித்தது, ஏறிப் போய்விட்டார். சரியென்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் சொன்னபடி செய்வார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு கணக்கு உண்டு. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

வியாழக்கிழமை நான் கிள்ளானில் இருந்தேன். ஆக்லாந்தில் மாலை ஆறரை ஆகும்போது எங்கள் வீட்டில் மதியம் இரண்டரை. அம்மா என் சமூக சேவையைப் பற்றி யாரிடமோ வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம் போய் மகேசன் எண்ணை அழைத்தேன்.

மணி அடித்தது. பக்கத்து வீட்டு அம்மா வந்திருந்தால், கேக்கை வெட்டிக்கொண்டு, தெரிந்த இங்கிலீசில் எதையோ சொல்லிக்கொண்டு, அவர் போனைக் கண்டுகொள்ளமாட்டார். வராவிட்டால் எடுப்பார். இரண்டு. மூன்று. முன்பின் தெரியாதவர்களை எல்லாம் நில்லுங்கள், பேசுங்கள் என்று மூன்று மாதம் தெருவில் கெஞ்சிய நான், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எடுக்காதீங்க அங்கிள், எடுக்காதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது மணியில் எடுத்தார்.